வீணாகும் பொருளும் ஜமாஅத்தின் கடமையும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

வரவு செலவுக் கணக்கு சற்று முன்னர் வாசிக்கப்பட்டது. சந்தா, உண்டியல், கடை வாடகை, ஃபித்ரா, குர்பானித் தோல் என்று ஒவ்வொன்றும் தலைப்பிட்டு எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஏட்டில் இடம்பெறாத ஒரு கணக்கைப் பற்றியே இங்குப் பேச விழைகிறோம். நம் மஹல்லாவின் வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும், பள்ளிவாசலிலிருந்துங்கூட, இன்னும் பல ஆண்டுகள் உழைக்கத்தக்க பொருள்கள் பழைய இரும்புக் கடைக்கும், எடைக்கும் ஆகாதவை குப்பை வண்டிக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. அதே மஹல்லாவில் அதே பொருளுக்காகக் கடன் வாங்குவோரும் இருக்கின்றனர். படுக்கையில் விழுந்துவிட்ட தந்தைக்குத் தலைப்பக்கம் உயர்த்தும் கட்டில் வாங்க வார வட்டிக்குப் பணம் எடுத்த தறித் தொழிலாளியின் வீட்டுக்கும், அத்தகைய கட்டிலைத் தாயார் வஃபாத்தான நாற்பதாம் நாளன்று கிலோக் கணக்கில் எடைபோட்டு விற்ற வீட்டுக்கும் இடையே இரண்டு தெருக்களே இருந்தன. இரு வீட்டாரும் நல்லவர்கள். ஒருவர் செய்தி மற்றவருக்கு எட்ட ஓர் இடமில்லை, அவ்வளவுதான்.

இது இக்காலத்தில் புறப்பட்ட புதுச் சிந்தனை என்று எவரும் கருத வேண்டாம். குறைஷியர் கஅபாவைப் புதுப்பித்த வரலாற்றை நாம் மீலாது மேடைகளில் பன்முறை கேட்டிருக்கிறோம். ஹஜருல் அஸ்வத் கல்லைத் தூக்கி வைப்பது யார் என்று எழுந்த பூசலை, அப்போது 35 வயதினராயிருந்த நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு விரிப்பைக் கொண்டு தீர்த்து வைத்த நிகழ்ச்சி சிறுவர்களுக்கும் மனப்பாடம். அதே வரலாற்றில் மற்றொரு செய்தியும் உண்டு. பேசுவோர் அதை விரைந்து கடந்துவிடுகின்றனர். கஅபாவுக்கு அதுவரை கூரை கிடையாது. கூரை அமைக்க மக்காவில் மரமும் கிடையாது. அச்சமயத்தில் ரோம நாட்டு வணிகர் ஒருவருடைய கப்பல் ஜித்தாப் பகுதிக் கரையில் ஒதுங்கி உடைந்துபோயிற்று. குறைஷியர் அதன் மரங்களை எடுத்து வந்தனர். மக்காவில் வாழ்ந்த கிப்தி இனத் தச்சர் ஒருவர் அவற்றைப் பக்குவப்படுத்திக் கொடுத்தார் என்று இப்னு இஸ்ஹாக் தம் சீராவில் எழுதுகிறார். ஆக, இறையில்லத்தின் மேல் முதன்முதலாக அமைந்த கூரை, உடைந்த கப்பலின் மரத்தாலானது. அம்மரத்தை அலை கொண்டுபோக விட்டிருந்தாலோ, அடுப்பெரிக்கக் கொடுத்திருந்தாலோ எவரும் அன்று குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

மதீனாவில் நாயகம் (ஸல்) அவர்கள் பள்ளிவாசலுக்கென்று பெற்ற மனையில் பேரீச்ச மரங்கள் நின்றன, பாழடைந்த கட்டடமும் இருந்தது. மரங்களை வெட்டவேண்டி வந்தபோது, வெட்டிய அடிமரங்களையே கிப்லாப் பக்கத்தில் வரிசையாக நிறுத்தினார்கள் என்று புகாரியில் காண்கிறோம். மனையைச் சுத்தம் செய்ததில் கிடைத்த பொருளே கட்டடத்துக்குப் பயன்பட்டது. இன்று நாம் செய்வதென்ன? மனையில் நிற்கும் வேம்பை வெட்டி விறகுக் கடைக்கு அனுப்பிவிட்டு, கதவு நிலைக்கு மரம் வாங்கச் சேலத்து மரக் கடைகளில் ஏறி இறங்குகிறோம்.

அன்னை மைமூனா (ரலி) அவர்களின் வீட்டைச் சேர்ந்த பணிப்பெண் ஒருவருக்கு ஸதக்காவாகக் கொடுக்கப்பட்ட ஆடு செத்துப்போயிற்று. அது கிடந்த வழியே சென்ற நாயகம் (ஸல்) அவர்கள், இதன் தோலை எடுத்துப் பதனிட்டுப் பயன்படுத்திக் கொள்ளலாகாதா என்று கேட்டார்கள். இது செத்த பிராணியாயிற்றே என்று தோழர்கள் தயங்கினர். உண்பதுதான் விலக்கப்பட்டது என்று விளக்கம் வந்தது. புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற இந்த ஹதீஸைத் தோல் பதனிடும் சட்டத்துக்கு ஆதாரமாக மட்டுமே ஓதிப் பழகிவிட்டோம். ஒரு பொருளின் ஒரு பயன் கெட்டுவிட்டால் மற்றப் பயன்களும் கெட்டுவிட்டதாக ஆகாது என்னும் விரிந்த பொருள் அதில் அடங்கியிருக்கிறது.

தோல் என்றதும் குர்பானித் தோல் நினைவுக்கு வராமல் இராது. ஒரு காலத்தில் மதரஸாக்களின் ஆண்டுச் செலவில் கணிசமான பகுதியைத் தாங்கிய வருமானம் அது. அண்மை ஆண்டுகளில் அதன் விலை எவ்வளவு சரிந்துவிட்டதென்பதைக் கணக்கேடே காட்டுகிறது. 2019இல் வங்கதேசத்தில் விலை படியாத குர்பானித் தோல்களை மக்கள் தெருவில் வீசியதும், குழி தோண்டிப் புதைத்ததும் செய்தித்தாள்களில் வந்தன. நம் பக்கத்திலும் ஆட்டுத் தோலை வாங்க ஆளில்லை என்று சொல்லிச் சாக்கடையோரம் விட்டுப்போன வீடுகள் உண்டு. விலைச் சரிவுக்கு உலகச் சந்தை காரணம்; அதை நாம் மாற்ற இயலாது. ஆயினும் தோலின் தரம் நம் கையில் இருக்கிறது. உரித்த சில மணி நேரத்துக்குள் சதைப்பக்கம் முழுவதும் உப்பிட்டாக வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டி மாலைவரை வெயிலில் வைத்தால் மயிர் கழலத் தொடங்கிவிடும். அப்புறம் ஈரோட்டுத் தோல் மண்டிக்காரர் அதைக் கையால் தொடமாட்டார். கத்தி பட்டு ஓட்டை விழுந்த தோலுக்கும் அதே கதிதான். வரும் ஹஜ்ஜுப் பெருநாளில் பள்ளிவாசல் முற்றத்தில் காலை 9 மணிக்கே உப்பு மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கிவிட இருக்கிறோம். தோலைக் கொடுப்போர் அறுத்த கையோடு கொடுத்தனுப்ப வேண்டும். உரிப்பவருக்குக் கூலியாகத் தோலைக் கொடுப்பது மார்க்கத்தில் கூடாது என்பதையும் இத்துடன் நினைவூட்டுகிறோம்.

நாம் வாழும் இந்தச் சேலம் - நாமக்கல் சமவெளி, பொருளை வீணாக்காத தொழிலாளர்களின் பூமி. 1997இல் மாவட்டம் இரண்டாகப் பிரிந்த பின்னும் இந்தப் பழக்கம் இரு பக்கத்துக்கும் பொதுவாகவே இருந்து வருகிறது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்குள் சென்று பார்த்தவர்களுக்கு இது விளங்கும். பழைய பாடியைக் கழற்றும்போது எந்தப் பலகை மறுபடி உதவும், எந்த இரும்புச் சட்டம் வெட்டி ஒட்டத் தகும் என்று மேஸ்திரி கண்ணாலேயே பிரித்துவிடுவார். தேய்ந்த டயர் ரீட்ரெடிங் பட்டறைக்குப் போய் மீண்டும் சாலைக்கு வருகிறது. அதற்கும் ஆகாத டயர் மாட்டுவண்டிக்குப் போயிற்று; டயர் வண்டி என்ற பெயரே அப்படி வந்ததுதான். உடைந்த ஸ்பிரிங் பட்டையை எந்த லாரிக்காரரும் வீசுவதில்லை. கொல்லுப்பட்டறையில் அது அரிவாளாகவும் கத்தியாகவும் மாறுகிறது. அந்த எஃகுக்கு ஈடான எஃகைப் புதிதாக வாங்கக் கிராமத்துக் கொல்லருக்குக் கட்டுபடியாகாது. கிழிந்த தார்ப்பாய் களத்து மேட்டில் நெல்லை மூடுகிறது. மரவள்ளி ஆலைகளில் மாவு எடுத்தபின் மிஞ்சும் திப்பி மாட்டுத் தீவனமாகிறது. மேட்டூர் அனல்மின் நிலையத்தின் சாம்பல் செங்கல்லாகவும் சிமெண்டில் சேர்மானமாகவும் போகிறது. இவற்றைச் செய்வோர் எவரும் சுற்றுச்சூழல் மாநாட்டில் பேசியவர்களல்லர். பொருளின் அருமை தெரிந்தவர்கள். அப்படிப்பட்ட தொழிலில் பகல் முழுவதும் இருந்துவிட்டு வீட்டுக்கு வரும் நம்மவரே, வீட்டுச் சாமான் என்றதும் கணக்குப் பார்க்காமல் தூக்கி எறிவதுதான் வியப்பு.

இனி ஆலிம்களின் முன்னிலையில் கொஞ்சம் சட்டம் பேச வேண்டியிருக்கிறது. பிழை நேரின் அவர்கள் திருத்துவார்களாக.

கஅபாவின் திரைகள் ஆண்டுதோறும் சேர்ந்துபோன காலத்தில், அதன் பொறுப்பாளராயிருந்த ஷைபா (ரஹ்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வந்து, பழைய திரைகளை ஆழமான குழி தோண்டிப் புதைத்துவிடுகிறோம், தூய்மையற்ற நிலையில் இருப்போர் அணிந்துவிடக் கூடாதே என்று அஞ்சுகிறோம் என்றார்களாம். அன்னையவர்கள் அதை ஏற்கவில்லை. கஅபாவிலிருந்து கழற்றிவிட்ட பின் அதை எவர் உடுத்தினாலும் தீங்கில்லை, விற்று அதன் விலையை ஏழைகளுக்கும் அல்லாஹ்வின் பாதையிலும் செலவிடுங்கள் என்று சொன்னதாக ஃபாகிஹீ, பைஹகீ ஆகியோர் பதிவு செய்திருக்கின்றனர். உமர் (ரலி) அவர்கள் பழைய திரையைக் கழற்றி ஹாஜிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்ததாகவும் மக்காவின் வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கின்றனர். புனிதம் கருதியே புதைத்தார்கள்; நோக்கத்தில் பழுதில்லை. ஆனால் புதைத்த துணி ஒருவரையும் போர்த்தவில்லை.

பள்ளிவாசலின் பழைய பாய், உடைந்த உத்திரம் ஆகியவற்றின் நிலை என்ன? ஃபிக்ஹு நூல்கள் இதைத் தனியே எடுத்துப் பேசுகின்றன. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில், நைந்துபோன பாயையும், உடைந்து எரிப்பதற்கன்றி வேறெதற்கும் உதவாத மரத்தையும் விற்பது கூடும் என்னும் கருத்தே வலுவானது என்கிறார்கள். நாம் பின்பற்றும் ஹனஃபீ மத்ஹபின் துர்ருல் முக்தார் போன்ற நூல்களில், தேவையற்றுப்போன பள்ளிப் பாய் கொடுத்தவருக்கே திரும்புமா, அருகிலுள்ள வேறு பள்ளிக்குப் போகுமா என்பதில் இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மத் (ரஹ்) இருவருக்குமிடையே கருத்து வேறுபாடு விளக்கப்படுகிறது. எப்படியாயினும் ஒன்று தெளிவு. வக்ஃபுப் பொருள் முத்தவல்லியின் சொந்தப் பொருளன்று. வேண்டியவருக்கு எடுத்துக் கொடுத்துவிடவும் முடியாது. மூலையில் போட்டுக் கறையானுக்குக் கொடுக்கவும் உரிமையில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறோமென்றால், மதரஸாவின் பழைய ஓட்டுக் கட்டடத்தை இறக்கிவிட்டுப் புதிது கட்டுவதென்று முடிவாகியிருக்கிறது. இடித்துத் தர முன்வந்தவர், கூலி ஏதும் வேண்டாம், இடிபாட்டுச் சாமான் முழுவதையும் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். கேட்பதற்கு இலாபம் போலத் தோன்றும். இந்த ஊரில் வழக்கமும் அதுவே. ஆனால் அந்தக் கட்டடத்தில் இருப்பதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். மேலே தேக்கு விட்டங்களும் கைமரங்களும் இருக்கின்றன. மங்களூர் ஓடுகளில் உடையாதவை பெரும்பகுதி. நான்கு இரட்டைக் கதவுகள், நிலையோடு நல்ல நிலையில் உள்ளன. சுவர் சுண்ணாம்புக் காரையால் கட்டப்பட்டது. சிமெண்டுக் கலவையில் பதித்த செங்கல்லைப் பெயர்த்தால் கல்லே உடைந்துபோகும். சுண்ணாம்புக் காரை அப்படியன்று, கொத்துக் கரண்டியால் தட்டினால் கல் தனியே, காரை தனியே உதிர்ந்துவிடும். பொக்லைன் இயந்திரத்தை விட்டால் ஒரே பகலில் வேலை முடியும், ஓடும் கல்லும் மண்ணாகும். ஆள் வைத்துக் கழற்றினால் பத்து நாள் ஆகலாம்.

பழங்கட்டடத்தை முறையாகக் கழற்றினால் மறுபடி நிறுத்தலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரியதொரு சான்று இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், தென்னகத்தின் பல பகுதிகளில் இடிபட இருந்த வீடுகளை வாங்கிக் கழற்றிக் கொண்டுவந்து, அந்தந்த ஊர்த் தச்சர்களையும் கொத்தர்களையும் கொண்டே திரும்ப எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டின் தூணும் கதவும் அங்கே வீடாகவே நிற்கின்றன. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் அவையே தனித்தனித் துண்டுகளாக விலைக்குக் கிடக்கின்றன. கேரளத்தில் வீடுகள் கட்டிய லாரி பேக்கர், இடிக்கப்பட்ட வீடுகளின் கதவு சன்னல்களைத் தம் கட்டடங்களில் பொருத்தியே செலவைக் குறைத்தார். நம் மதரஸாவை அருங்காட்சியகமாக்க வேண்டுமென்று சொல்லவில்லை. கழற்றுவது என்பது இடிப்பதினின்றும் வேறான வேலை என்பதைச் சுட்டவே இதைக் கூறினோம்.

மஹல்லாவில் மழைக்காலத்தில் கூரை ஒழுகும் வீடுகள் எவையெவை என்று உதவிக் குழு எடுத்த பட்டியல் நம்மிடம் இருக்கிறது. பெயர்களை மேடையில் சொல்வது முறையன்று. அந்த ஓடுகளும் ரீப்பர்களும் அவ்வீடுகளுக்குப் போதும். அப்படியே கொடுத்துவிட மனம் விரும்பும். ஆனால் வக்ஃபுப் பொருளைத் தானமாக வழங்க நிர்வாகத்துக்கு அதிகாரமில்லை. விற்று, அந்தத் தொகையை அந்த வக்ஃபுக்கே செலவிட வேண்டும். ஆகவே ஹழ்ரத் அவர்களுடன் ஆலோசித்து ஒரு வழியை முன்வைக்கிறோம். வியாபாரம் தெரிந்த இருவர், அவர்களுள் ஒருவர் ஜமாஅத்தைச் சாராதவராக இருக்கட்டும், சந்தை விலையை மதிப்பிட்டு எழுதித் தரவேண்டும். அந்த விலையை மதரஸாக் கணக்கில் பைத்துல்மால் செலுத்திப் பொருளைத் தனதாக்கிக்கொள்ளும். பின்னர் பைத்துல்மாலிலிருந்து உரியவர்களுக்கு உடைமையாகவே கொடுக்கப்படும். ஸகாத் நிதியைப் பயன்படுத்துவதாயின், பெறுபவர் ஸகாத்துக்குத் தகுதியுடையவராக இருக்க வேண்டும், பொருள் அவருக்கே சொந்தமாக வேண்டும். மதரஸாவுக்கும் நஷ்டமில்லை, ஏழை வீட்டுக்கும் கூரை கிடைக்கும். கதவுகளை மட்டும் புதிய கட்டடத்திலேயே பொருத்தச் சொல்லலாம் என்பது நம் கருத்து. அலுமினியக் கதவு வேண்டுமென்று கேட்கும் இளைஞர்கள் அந்தத் தேக்குக் கதவை ஒருமுறை தட்டிப் பார்க்கட்டும்.

வீட்டுப் பொருள்களுக்கு வருவோம். இங்கே வக்ஃபுச் சிக்கல் இல்லை, வேறு சிக்கல்கள் உண்டு. சக்கர நாற்காலி, ஊன்றுகோல், நடப்பதற்கான வாக்கர், காற்றுப் படுக்கை, கழிப்பறை நாற்காலி ஆகியவை ஒரு வீட்டுக்குச் சில மாதங்களே தேவைப்படுகின்றன. இவற்றை இரவலாகக் கொடுத்து வாங்கும் அறை ஒன்று பள்ளிவாசல் வளாகத்தில் வேண்டும். அல்மாஊன் அத்தியாயம் கண்டிக்கும் குணம், அன்றாடப் புழக்கப் பொருளையும் பிறருக்கு ஈய மறுப்பது. வாளியும் பானையும் இரவல் கொடுப்பதையே தாங்கள் மாஊன் என்று எண்ணியிருந்ததாக இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் விளக்கியிருப்பது அபூதாவூதில் இடம்பெறுகிறது. வாளி, பானையின் இடத்தில் இன்று சக்கர நாற்காலி நிற்கிறது. இரவல் பொருளை ஸகாத் பணத்தில் வாங்க இயலாது. எவருக்கும் அது உடைமையாவதில்லை. ஆகவே நன்கொடையாக வரும் பழைய பொருளையே இந்த அறை நம்பியிருக்கும்.

2021இல் கொரோனாவின் இரண்டாம் அலையில் ஆக்சிஜன் செறிவூட்டிக்காக நாம் பட்ட பாட்டை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மே மாதத்தில் எந்த விலைக்கும் கிடைக்காமலிருந்த அந்தக் கருவிகள், ஆண்டு முடிவதற்குள் பல ஊர்களில் அலமாரிக்கு மேலே ஏறிவிட்டன. அக்கருவியின் உள்ளே காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து நிறுத்தும் சியோலைட் என்னும் கனிமக் குருணை இருக்கிறது. சும்மா கிடந்தால் அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு வலுவிழக்கிறது. அவ்வப்போது ஓட்டி, வெளிவரும் ஆக்சிஜனின் தூய்மையை அளந்து பார்த்தால்தான் தேவைப்படும் நாளில் உதவும். நுரையீரல் நோயால் மூச்சுக்குத் திணறுவோர் இன்றும் இருக்கின்றனர். வீடுகளில் அப்படிக் கருவி இருப்பின், எத்தனை ஆண்டுகளாக ஓடவில்லை என்பதையும் எழுதிக் கொண்டுவாருங்கள். பழுது பார்க்கும் நிபுணரிடம் காட்டிய பிறகே, மருத்துவரின் சீட்டின்பேரில் வெளியே கொடுக்கப்படும்.

2011 முதல் பல ஆண்டுகள் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளும் வீடுகளில் தூங்குகின்றன. பெரும்பாலானவற்றில் செத்திருப்பது பேட்டரி மட்டுமே. நினைவகத்தைக் கொஞ்சம் கூட்டி லினக்ஸ் ஏற்றினால், மதரஸாப் பிள்ளைகள் தட்டச்சுப் பழகப் போதுமானது. நம் இளைஞர்களில் கணினி படித்தவர்கள் ஞாயிறு ஒன்றை இதற்குத் தர ஒப்புக்கொண்டிருக்கின்றனர். கொடுப்பவர் தம் படங்களையும் கடிதங்களையும் அழித்துவிட்டே கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்னபின், வேண்டாதவற்றைப் பற்றியும் கண்டிப்பாகப் பேச வேண்டும். கண்ணை மூடிக்கொண்டன்றி நாமே வாங்க மாட்டாத மட்டமான பொருளைத் தேடிப் பிறருக்குச் செலவிட வேண்டாமென்று அல்பகரா அத்தியாயம் எச்சரிக்கிறது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி தாக்கியபின் நாகப்பட்டினம் கரைக்கு நாடெங்குமிருந்து பழந்துணி வந்து குவிந்தது. உழைத்துப் பிழைத்த மீனவ மக்கள் கிழிசலைத் தொட மறுத்தனர். சாலையோரத்தில் துணி மலையாகக் கிடந்து மழையில் நனைந்தது. 1999இல் டெல்லியில் அன்ஷு குப்தா தொடங்கிய கூஞ்ச் அமைப்பு அத்துணிகளைத் திரட்டித் தரம் பிரித்து, உடுக்கத் தக்கதை உடுக்கவும், அல்லாததை வேறு பயனுக்கும் அனுப்பியது. அவருக்கு 2015இல் மகசேசே விருது கிடைத்தது. சுனாமிக் கரையில் பற்றாக்குறையாயிருந்தது துணியன்று, தரம் பிரிக்கும் கைகளே. 2015 சென்னை வெள்ளத்திலும் அதே காட்சியைக் கண்டோம். நம் அறை குப்பைக் கிடங்காக மாறுமானால், ஆறு மாதத்தில் பூட்டிவிட நேரும். அப்படிப் பூட்டப்பட்ட அறைகள் வேறு ஊர்களில் உண்டு.

ஆகவே உறை பிரித்த மருந்து, ஊசி, சளிக் குழாய் முதலியவை வாங்கப்பட மாட்டா. நெபுலைசர் கருவி வரலாம். முகமூடி புதிதாகவே இருக்க வேண்டும். அழுக்கேறிய பஞ்சு மெத்தை வேண்டாம். விபத்தில் அடிபட்ட தலைக்கவசம், வெளியே சிதைவு தெரியாவிட்டாலும், உள்ளே வலுவிழந்திருக்கும்; அதை இனாமாகக் கொடுப்பது ஆபத்தைக் கொடுப்பதாகும். எரிவாயு அடுப்பு வரலாம், பழைய ரப்பர்க் குழாய் கூடாது. 2006க்குப் பிறகு வீட்டுக்கு வீடு வந்த பழைய பெட்டித் தொலைக்காட்சிகளைக் கேட்பாரில்லை. அவற்றின் கண்ணாடிக் குழலில் ஈயம் கலந்திருக்கிறது. இன்வெர்ட்டர் பேட்டரி விற்றவரிடமே திரும்பப் போகட்டும். மின்னணுக் கழிவுக்கென 2022இல் வகுக்கப்பட்ட விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன; அனுமதி பெற்றவரிடம் மட்டுமே அவற்றைச் சேர்க்க வேண்டும். செம்புக்காக ஒயரைக் கொளுத்தும் பிள்ளைகளை ஏரிக்கரையில் காண்கிறோம். அந்தப் புகை நஞ்சு. அவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறோம்.

பழைய இரும்பு வாணிபம் செய்யும் சகோதரர்களுக்கு ஒரு சொல். உங்கள் பிழைப்பில் மண் போடும் எண்ணம் நமக்கில்லை. உங்களைவிடப் பொருளறிந்தவர் இம்மஹல்லாவில் இல்லை. தராசில் ஏறும் முன்பே, இது உடைக்க வேண்டியதா, உதவ வேண்டியதா என்று முதலில் அறிவது நீங்கள்தாம். முழுதாக வரும் சக்கர நாற்காலியையோ தையல் இயந்திரத்தையோ ஓரமாக வைத்துத் தொலைபேசியில் சொல்லுங்கள். நீங்கள் கொடுத்த எடை விலையோடு உங்கள் இலாபத்தையும் சேர்த்து பைத்துல்மால் வாங்கிக்கொள்ளும். சென்ற ஆண்டு ஒரு தனியார் மருத்துவமனை மூடப்பட்டபோது கட்டில்கள் வெட்டப்பட்டு உருக்காலைக்குப் போயின. இரண்டு நாள் முன்னதாகச் செய்தி வந்திருந்தால் நான்கைந்தையேனும் எடுத்திருக்கலாம் என்று நம்மிடம் வருந்தியவரும் ஒரு பழைய இரும்புக் கடைக்காரரே.

அறைக்கு இரண்டு ஏடுகள் வைக்கப்படும். வக்ஃபுப் பொருள் ஒன்றில், தனியார் கொடுத்தவை மற்றொன்றில். கலந்துவிட்டால் பின்னர் எவராலும் பிரிக்க முடியாது. கொடுப்பவர் பெயர், நாள், பொருளின் நிலை, இரவல் பெறுபவரின் கையொப்பம் ஆகியவை எழுதப்படும். பெறுபவரின் பெயர் ஆண்டறிக்கையில் வராது. மார்க்கம் பார்த்துக் கொடுக்கும் வழக்கமும் இராது. தெருவில் வாழும் எவர் கேட்டாலும் முறைப்படி கொடுக்கப்படும்.

மதரஸாக் கட்டடம் குறித்து ஒப்பந்தக்காரருக்கு ஷவ்வால் பிறை பத்துக்குள் மறுமொழி கூற வேண்டும். அதற்கு முன் பொருள்களை எண்ணி மதிப்பிட வேண்டியிருப்பதால், வரும் ஞாயிறு சுபுஹுத் தொழுகைக்குப் பின் தச்சு வேலையும் கொத்து வேலையும் தெரிந்த சகோதரர்கள் மதரஸா முற்றத்துக்கு வருமாறு வேண்டுகிறோம். ஏணி பள்ளிவாசலில் இருக்கிறது. அளவு நாடாவும், கறையான் அரித்ததைத் தட்டிப் பார்க்கச் சிறு சுத்தியலும் கொண்டுவருக. வஸ்ஸலாம்.